அத்திவரதர் தாங்குவார், அ-பதிவேடு தாங்காது

1

"நனைஞ்சிப் போச்சு தம்பி. அந்தக் கட்டு பூரா மக்கிப் போச்சு. இன்னா பண்றது?"

சொன்னவர் ஓய்வுபெற இரண்டு வருஷம் மீதமிருந்த பதிவறை ஊழியர். எதிரில் நின்றது நானும் அப்பாவும். எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. எங்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். கீழ்த்தட்டில், பழுப்பு நிறத்தில், செங்கல் மாதிரி இறுகிப்போன ஒரு கட்டு. தாத்தா வாங்கிய 38 சென்ட் நிலத்தின் கதை அதற்குள்தான் இருந்திருக்க வேண்டும். அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். நாற்பது வருஷமாகப் பட்டு நெய்கிறவர். ஈரம் பட்ட எதையும் கையால் தொட்டுத்தான் பார்ப்பார். "ஒரு பலகை போட்டு மேல வெச்சிருந்தா போதுமே ஐயா" என்றார். ஊழியர் பதில் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பலகையைப் பற்றியது.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இந்த இடத்தில் அத்திவரதர் ஞாபகம் வராமல் இருக்காது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தில் 40 வருஷம் கிடந்துவிட்டு வெளியே வருகிறவர். கடைசியாக 2019-இல் வந்தார். அதற்கு முன் 1979. அத்திமரம், தாங்குகிறது. நனைந்த காகிதம் இரண்டு நாள்கூடத் தாங்காது. நம் பதிவறைகளைப் பார்த்தால், காகிதத்தையும் அத்திமரம் என்று யாரோ நினைத்துக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றுகிறது.

2

என் தொழில் மென்பொருள். அதனால் அந்த அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் நானும் எல்லாரும் சொல்வதைத்தான் அப்பாவிடம் சொன்னேன்: "எல்லாம் ஆன்லைன்ல இருக்குப்பா. எதுக்கு அலையணும்?"

இருந்தது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் இரண்டு நிமிஷத்தில் திரையில் வந்தது. எங்கள் உட்பிரிவுக்கு நேராகப் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள 1979-க்குப் போக வேண்டும். அத்திவரதர் வந்த அதே வருஷம் தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. கிராமத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள்; யுடிஆர் என்பார்கள். 1979 முதல் 1987 வரை, ஊர் ஊராகப் போய், அப்போது நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று பார்த்து, பழைய பதிவேடுகளைப் புதுப்பித்து எழுதினார்கள். அளவில் மிகப்பெரிய வேலை. பிழைகளும் அதே அளவில். பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி காணாமல் போனார். பின்னால் கணினி வந்தபோது அதில் ஏறியது இந்த யுடிஆர் பதிவேடுதான்.

எங்கள் மொழியில் சொன்னால் இது ஒரு டேட்டா மைக்ரேஷன். எட்டு வருஷம் கையால் செய்த மைக்ரேஷன். எந்தக் கம்பெனியிலும் மைக்ரேஷன் முடிந்த மறுநாள் பழைய டேட்டாபேஸைத் தூக்கிப் போட மாட்டோம். புதியதில் தப்பு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது வேண்டும். யுடிஆரில் பிழை என்று மனுப் போட்டால் அரசு கேட்பதும் அதைத்தான்: யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டில் என்ன இருக்கிறது, பழைய சிட்டா என்ன சொல்கிறது, பத்திரம் என்ன சொல்கிறது? அதாவது பழைய டேட்டாபேஸ் கீழ்த்தட்டில் மக்கிக் கிடக்கும் அந்தக் கட்டு. அதற்கு வேறு பிரதி இல்லையென்றால், திரையில் இருக்கும் தப்பு இனிமேல் தப்பே கிடையாது. அதுதான் உண்மை.

அதனால் "ஆன்லைனில் இருக்கிறது" என்பதை ஆறுதலாகச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஆன்லைனில் இருப்பது கடைசியாக எழுதப்பட்ட பிரதி. சண்டை வரும்போது தேவைப்படுவது முதலில் எழுதப்பட்டது. பெங்களூரு நண்பன் ஒருவன், "பிளாக்செயின்ல ஏத்திட்டா யாராலயும் மாத்த முடியாது மச்சி" என்றான். சரிதான். தப்பான பெயரையும் யாராலும் மாற்ற முடியாது.

3

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே நாள் கணக்கில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. இரண்டும் அன்றைக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தவை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். வீட்டுக்குள் இருந்த பட்டா, ரேஷன் கார்டு, மார்க்‌ஷீட், பாஸ்போர்ட் எல்லாம் கூழாகிப் போயின.

அரசு அப்போது நல்ல காரியம் ஒன்று செய்தது. டிசம்பர் 14 முதல் சிறப்பு முகாம்கள் போட்டு, இழந்த சான்றுகளுக்குக் கட்டணமில்லாமல் நகல் கொடுத்தார்கள். வெள்ளத்தில் சேதமான பாஸ்போர்ட்டுகளைக் கட்டணமின்றி மாற்றித் தருவதாக வெளியுறவு அமைச்சரும் அறிவித்தார். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த முகாம்கள் நடக்க முடிந்ததற்கு ஒரே காரணம், மக்களிடம் இருந்த காகிதம் நனைந்தபோது அரசிடம் இருந்தது நனையாமல் இருந்ததுதான். ஒரு வேளை இரண்டும் நனைந்திருந்தால்? நனைந்துபோன பதிவறைக்கு யார் முகாம் போடுவார்கள்? தாலுகா அலுவலகம் யாரிடம் போய் "என் மூலப்பிரதி போச்சு, ஒரு நகல் கொடுங்க" என்று வரிசையில் நிற்கும்?

இது கற்பனை பயம் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தபோது, தாமிரபரணிக் கரையில் கொக்கிரகுளத்தில் இருக்கும் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. நம் அரசு அலுவலகங்கள் பலவும் ஆற்றங்கரையிலோ ஏரிக்குக் கீழோதான் நிற்கின்றன. பதிவறை பெரும்பாலும் தரைத்தளத்தில். காரணம் எளிது: காகிதம் கனமானது, மாடிக்குத் தூக்க ஆள் இல்லை.

4

காகிதத்துக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும்? முதலில் ஊதும். நெருக்கி அடுக்கிய கட்டு ஊதும்போது ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் அலமாரியையே பிதுக்கிவிடும். அப்புறம் மை. பழைய இரும்பு மையில் எழுதியது ஓரளவு நிற்கும். பந்துமுனைப் பேனா எழுத்தும் நிற்கும். சாய மையில் எழுதியது கரையும். ரப்பர் ஸ்டாம்ப்பின் ஊதா நிறம் பக்கம் முழுக்கப் படரும். அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து சீக்கிரமே கரைந்து போகிற வகை. எழுத்தர் எழுதிய விவரம் நிற்க, அதற்குச் சட்ட உயிர் கொடுத்த கையெழுத்து போய்விடும்.

மூன்றாவது பூஞ்சை. சூடும் ஈரமும் சேர்ந்த நம் ஊர்க் காற்றில் ஏறக்குறைய 48 மணி நேரத்தில் ஆரம்பித்துவிடும். நனைந்த பதிவேட்டைக் காப்பாற்ற முடியுமா என்பது பெரும்பாலும் அந்த இரண்டு நாளில் முடிவாகிறது. வெள்ளம் வடிந்து, விடுமுறை முடிந்து, கணக்கெடுக்கச் சுற்றறிக்கை வருவதற்குள் வாரக்கணக்கில் ஆகிவிடுகிறது. பல சமயம் தண்ணீர் செய்த சேதத்தைவிட அதற்குப் பின் வந்த அந்த வாரங்கள் செய்த சேதம் அதிகம்.

இரண்டு நாளில் செய்ய வேண்டியது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். கொஞ்சம் இருந்தால் வெயில் படாமல், மின்விசிறிக் காற்றில், பக்கங்களுக்கு இடையே உறிஞ்சுதாள் வைத்து உலர்த்தலாம். நிறைய இருந்தால் உறைய வைக்க வேண்டும். உறைந்த காகிதத்தில் பூஞ்சை வளராது. பிறகு நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1973-இல் ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகம் தீப்பிடித்தபோது, தீயணைத்த தண்ணீரில் நனைந்த கோப்புகளை விண்வெளிப் பயணச் சோதனைக்காகக் கட்டிய வெற்றிடக் கூடத்தில் வைத்து உலர்த்தினார்கள். நமக்கு விண்வெளிக் கூடம் வேண்டாம். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு குளிர்பதனக் கிடங்கோடு போட்டுவைத்த ஒப்பந்தம் போதும்.

5

உடனே வரும் பதில்: "பணம் இல்லீங்க." நான் நம்பவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. தரையைத் தோண்டி, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்தால் குழிக்குள் ஊறும். காஞ்சிபுரத்தில் எந்த நெசவாளருக்கும் இது தெரியும். அப்பா காலையில் எழுந்ததும் குழியின் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். ஈரம் ஏறியிருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. பாவை பிளாஸ்டிக் தாளால் மூடுவார். நெய்து முடித்த சேலை மல் துணியில் சுற்றி மேல்தட்டுக்குப் போகும். கணக்கு நோட்டு, கிஸ்தி ரசீது, பத்திரம் எல்லாம் தகரப் பெட்டியில் பரண்மேல் இருக்கும். நனைந்தால் கூலி போகும் என்று தெரிந்தவர், அவ்வளவுதான். அவரிடமும் பணம் இல்லை.

பதிவறையில் குறைவது பணம் அல்ல, இடம். இடம் ஏன் இல்லை? தமிழ்நாட்டு அலுவலக நடைமுறையில் முடிந்த கோப்புகளுக்கு ஆயுள் உண்டு. சில 1 ஆண்டு, சில 3, சில 10, சில நிரந்தரம். காலம் முடிந்ததைப் பட்டியல் போட்டுக் கழிக்க வேண்டும். கழிக்கும் வேலையில் யாருக்கும் பெயர் கிடைக்காது. தப்பாகக் கழித்தால் விசாரணை வரும். கழிக்காமல் விட்டால் ஒன்றும் வராது. அதனால் 1 ஆண்டில் போக வேண்டிய விடுப்பு விண்ணப்பம் 30 வருஷம் நல்ல அலமாரியில் இருக்கிறது. நிரந்தரமாக இருக்க வேண்டிய அ-பதிவேடு தரைக்கு வந்துவிடுகிறது. குப்பையைக் கழிக்கத் தெரியாத அலுவலகத்தால் எதையும் காப்பாற்ற முடியாது. இலக்கியவாதிகளுக்கு இது பிடிக்காது, எதையும் அழிக்கக் கூடாது என்போம். ஆனால் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன் என்கிறவர் எதையுமே பார்த்துக்கொள்ளாதவராகத்தான் இருப்பார்.

இன்னொன்று, மாவட்டப் பிரிப்பு. 1997-இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. 2019 நவம்பரில், அத்திவரதர் குளத்துக்குள் திரும்பிய மூன்று மாதத்தில், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. ஒவ்வொரு பிரிப்பிலும் திறப்பு விழா புதிய கட்டடத்துக்கு நடக்கிறது. பழைய கட்டுகள் எங்கே போகின்றன, எது எங்கே இறங்கியது, எது வராந்தாவிலேயே நின்றுவிட்டது என்பதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

6

"கல்லில் வெட்டி வைத்த இனம்" என்று நாம் பெருமைப்படுகிறோம். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பேசாத அரசியல் மேடை கிடையாது. அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி தேர்வுக்கு நிற்க முடியாது என்று இருப்பதை மேடையில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெருமையை அல்ல, நடைமுறையை. சோழர் காலத்தில் ஒரு நிலக்கொடை முதலில் ஓலையில் எழுதப்பட்டது. வரிப் பதிவேட்டில் ஏற்றப்பட்டது. பிறகு செம்பிலோ கல்லிலோ வெட்டப்பட்டது. ஒரே செய்தி, வேறு வேறு பொருளில், வேறு வேறு இடத்தில். ஓலை அழியும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் ஓலையை மட்டும் நம்பவில்லை. பழைய கோயிலைப் பிரித்துக் கற்றளியாகக் கட்டியபோது, முன்பிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மறுபடி வெட்டினார்கள். இது பழைய கல்லின் படி என்று குறிப்பும் எழுதினார்கள். செம்பியன் மாதேவி எடுப்பித்த கோயில்களில் இப்படி மறுபடி வெட்டிய கல்வெட்டுகள் உண்டு. மூலம் எது, படி எது என்று சொல்லிவைக்கும் நாணயம் பத்தாம் நூற்றாண்டில் இருந்தது. இன்று திரையில் தெரியும் பட்டாவில் "இது யுடிஆர் பதிவேட்டின் படி, அதற்கு முந்தையது இன்ன அறையில் இருக்கிறது" என்று ஒரு வரி கிடையாது.

நிகழ்காலத்து உதாரணம் வேண்டுமென்றால் ஜப்பான். 2011 மார்ச் சுனாமியில் மினாமிசன்ரிகு, ஒனகாவா, ரிகுசென்தகாதா, ஒட்சுச்சி ஆகிய நான்கு ஊர்களின் குடும்பப் பதிவேடுகள் அழிந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு, வாரிசு எல்லாம் அந்தப் பதிவேட்டில்தான். ஆனால் அவற்றின் பிரதி சட்ட விவகார அலுவலகங்களில் தனியாக இருந்தது. அதை வைத்து இரண்டு மாதத்துக்குள் மீட்டுவிட்டார்கள். அதோடு அவர்கள் திருப்திப்படவில்லை. பிரதி இருந்த அலுவலகமும் பக்கத்திலேயே இருந்தால் அதுவும் போயிருக்குமே என்று யோசித்து, தொலைவில் பிரதி வைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். எங்கள் தொழிலின் பாலபாடம் இது. பேக்கப் அதே கட்டடத்தில் இருந்தால் அது பேக்கப் இல்லை. எடுத்த பேக்கப்பை ஒருமுறையாவது ரீஸ்டோர் செய்து பார்க்காவிட்டால் அதுவும் பேக்கப் இல்லை.

7

இதையெல்லாம் அலட்சியம் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். பதிவேடு நனைவதால் சிலருக்கு லாபம் உண்டு.

நிலச் சண்டையில் ஆவணம் இல்லையென்றால் யார் அனுபவத்தில் இருக்கிறாரோ அவர் கை ஓங்கும். விதவையின் பங்கு, ஊரை விட்டுப் போனவரின் பங்கு, பத்திரத்தைப் படிக்கத் தெரியாதவரின் பங்கு எல்லாம் அந்தக் கட்டுகளில்தான் பத்திரமாக இருந்தன. கோயில் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்து சமய அறநிலையத் துறை தன்னிடமுள்ள கோயில்களின் நிலம் 4.78 லட்சம் ஏக்கர் என்கிறது. அதில் பழைய இனாம் நிலங்களுக்கு முக்கியமான ஆதாரம், 1858-இல் அமைத்த இனாம் ஆணையம் விசாரித்து எழுதிய பதிவேடுகள். அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலுக்காக இன்றும் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறார்கள். 160 வருஷத்துக்கு முந்தைய காகிதம் இன்றைக்கு ஓர் ஏரிக்கரை நிலத்தை மீட்கிறது. அது நனைந்துபோனால் சந்தோஷப்படுகிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் இதில் ஊமையாக இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு, எல்லாப் பதிவேடுகளையும் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்திப் பராமரிக்கச் சொல்கிறது. ஒரு காலத்தில் இருந்த கோப்பை "கிடைக்கவில்லை" என்று சொல்லி மட்டும் தட்டிக்கழிக்க முடியாது, தேட வேண்டும், தேவைப்பட்டால் விசாரிக்க வேண்டும் என்று 2013-இல் தில்லி உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. "நனைஞ்சிப் போச்சு" என்பதும் அந்த வகைப் பதில்தான். மழையைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதால் அது வசதியான பதில்.

இப்போது நம் பக்கம். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நினைத்து வருஷம் தவறாமல் எழுதுகிறோம். ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளை நினைத்து இன்னும் வருந்துகிறோம். வருந்தத்தான் வேண்டும். ஆனால் நம் தாலுகா அலுவலகத்தில் ஒவ்வொரு கார்த்திகையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மக்குவதைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? அதில் கவிதை இல்லை, சரி. புல எண், பரப்பு, தீர்வை, பெயர் என்று வெறும் கட்டங்கள். ஆனால் எங்கள் தாத்தாவின் பெயர் அச்சிலோ கல்லிலோ எங்கும் கிடையாது. அவர் வாழ்ந்தார் என்பதற்கு அரசிடம் இருந்த ஒரே எழுத்து அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. சாதாரண மனிதர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் இலக்கியம்.

8

நான் கேட்பது ஐந்து விஷயம். தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்தி அடுக்க வேண்டும், நிரந்தரப் பதிவேடுகள் நடுத்தட்டுக்குப் போக வேண்டும். ஆயுள் முடிந்த கோப்புகளை ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால், கையெழுத்திட்ட பட்டியலோடு கழிக்க வேண்டும். யுடிஆருக்கு முந்தைய பதிவேடுகளை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அதன் பிரதி வேறு ஆற்றுப்படுகையில் இருக்கும் ஊரில் இருக்க வேண்டும். நனைந்தால் முதல் 48 மணி நேரத்தில் யார் யாரைக் கூப்பிடுவது, எங்கே கொண்டுபோவது என்று ஒரு தாளில் எழுதிப் பதிவறைக் கதவில் ஒட்ட வேண்டும். நனைந்து கெட்டுப்போன பதிவேடுகளின் பட்டியலை அரசு வெளியிட வேண்டும்.

கடைசியானதுதான் கஷ்டம், ஏனென்றால் அதற்குப் பலகை தேவையில்லை, ஒப்புக்கொள்ளும் மனசு தேவை. ஆகவே அதை நாம் கேட்டு வாங்க வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தகவல் மனு எழுதுங்கள். பதிவறை எந்தத் தளத்தில் இருக்கிறது, கடைசியாகக் கோப்புக் கழிப்பு நடந்த தேதி எது, தண்ணீரில் சேதமடைந்த பதிவேடுகளின் பட்டியல் நகல், இந்த மூன்றும் போதும். "ஏன்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது.

எங்கள் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. போன வாய்தாவில், யுடிஆருக்கு முந்தைய ஆதாரம் இருந்தால் நீங்களே கொண்டுவாருங்கள் என்றார்கள். தங்களிடம் நனைந்துபோனதை எங்களிடம் கேட்கிறார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து பரண்மேல் ஏறினார். தகரப் பெட்டியில் தாத்தா கட்டிய கிஸ்தி ரசீதுகள் பதினோரு வருஷத்துக்கு இருந்தன, மல் துணியில் சுற்றி, ஒன்றுகூட நனையாமல்.